கவறு சொல்லாத தீர்ப்பு: பகடை ஆட்டங்களில் நடுவரின் இடம்

முன்னுரை

திருவள்ளூர் வட்டாரம் உள்ளிட்ட தொண்டை மண்டல ஊர்களின் திரௌபதி அம்மன் கோயில்களில், தீமிதித் திருவிழாவையொட்டிப் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும் மரபு உண்டு. அவ்வரிசையில் ‘சூது துகிலுரிதல்’ முதன்மையான கூத்துகளுள் ஒன்று. சகுனி பகடையை உருட்டும்போது வெல்லப்போவது யாரென்பது களரியைச் சுற்றி அமர்ந்திருக்கும் அனைவருக்கும் தெரியும். ஆட்டத்தின் முடிவைக் கதை முன்பே தீர்மானித்துவிட்டது. எனினும் மக்கள் விடியுமளவும் அமர்ந்திருக்கின்றனர். பகடை விழுந்து ஓய்ந்த பின்னர்ப் பாஞ்சாலி அவையை நோக்கி எழுப்பும் வினாவே அவர்களை இருத்தி வைக்கிறது.

பகடை ஆட்டத்தின் முடிவு பகடையோடு முடிந்துவிடுவதில்லை என்னும் உண்மையை இக்கூத்து ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. ஆயினும் தமிழில் விளையாட்டு குறித்து நிகழ்ந்த ஆய்வுகள் ஆட்டத்தின் பெயர், கருவி, கட்டம், ஆடுமுறை ஆகியவற்றைத் தொகுப்பதில் காட்டிய அக்கறையை, ஆட்டத்தில் எழும் வழக்கைத் தீர்ப்பவர் யார், எந்த உரிமையால் தீர்க்கிறார் என்னும் வினாவில் காட்டவில்லை. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ (1954) தொடங்கி வைத்த தொகுப்புப் பணி மதிப்புடையது. கீழடி அகழாய்வில் கிடைத்த தந்தப் பகடை போன்ற சான்றுகள் அப்பணிக்குத் தொல்லியல் வலுவும் சேர்த்துள்ளன. அடுத்த படி ஆட்டத்தின் நடுவரை ஆராய்வதாக இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதற்கு உறுதுணையாக, மேலைநாட்டில் அரை நூற்றாண்டாக வளர்ந்துள்ள பாத்திரமேற்பு ஆட்டங்களின் பகடைமுறை இங்கு ஒப்புநோக்கப்படுகிறது.

கவறு, கை, கழகம்

சூது அதிகாரத்தின் ஐந்தாம் குறள் (935) சூதாடியைக் கெடுக்கும் பொருள்களாக மூன்றினை ஒருசேர வைக்கிறது: கவறு, கழகம், கை. கவறு உருளும் கருவி. கழகம் ஆடும் களம். கை என்பதற்கு ஆட்டத்துக்கு வேண்டிய கைத்தொழில் எனப் பரிமேலழகர் பொருள் கொள்கிறார். அறம் கூறும் நோக்கில் அமைந்த இவ்வரிசை, ஆட்டத்தின் அமைப்பை விளக்கும் ஒரு பகுப்பாகவும் விளங்குகிறது. தற்செயல், திறமை, இவ்விரண்டும் எண்ணப்படும் இடம் என மூன்று உறுப்புகளை வள்ளுவர் கண்டுள்ளார்.

இக்காலச் சட்ட வழக்குகள் முதலிரண்டை மட்டுமே எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஆராய்ந்த சென்னை உயர்நீதிமன்றம், ரம்மி, போக்கர் ஆகியவற்றைத் தற்செயல் ஆட்டங்களாகப் பட்டியலிட்ட பகுதியை 2023 நவம்பரில் ஏற்க மறுத்தது. வழக்கின் மையம், இவை கவற்றின்பாற்பட்டவையா கையின்பாற்பட்டவையா என்பதாக இருந்தது. 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை அவ்வேறுபாடு கருதாமலே தடைசெய்தது. கழகம் பற்றிய வினா, அதாவது உருட்டுவதை யார் காண்கிறார், எண்ணுக்குப் பொருள் சொல்பவர் யார், அவர் தவறினால் யாரிடம் முறையிடுவது என்னும் வினா, இவ்விவாதத்தின் ஓரத்திலேயே நின்றது. திரையில் உருளும் பகடையை எவரும் உருட்டுவதில்லை. ஒரு நிரல் எண்ணைத் தருகிறது, அதே நிரல் தீர்ப்பையும் தருகிறது. கழகம் கண்ணுக்குப் புலப்படாததாகிவிட்ட இச்சூழலில் வள்ளுவரின் மூன்றாம் உறுப்பை மீட்டெடுப்பது இலக்கிய ஆய்வாளரின் கடமையாகிறது.

எண்ணும் எண்ணின் பொருளும்

பகடை எண்ணைத் தருகிறது; அவ்வெண்ணின் பொருளை ஆட்டவிதி தருகிறது. இவ்வேறுபாட்டுக்குத் தாயமே தக்க சான்று. ஒருபக்கம் வெறுமையாகவும் ஏனைய மூன்று பக்கங்கள் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளோடும் அமைந்த இரு நீள்கட்டைகளை உருட்டினால் 16 சேர்க்கைகள் உண்டாகும். அவற்றுள் தாயம் எனப்படும் ஒன்று 2 சேர்க்கைகளில் மட்டுமே விழும். எட்டில் ஒரு பங்கு. இரு கட்டைகளும் வெறுமையாக விழுந்தால் அதனைப் பன்னிரண்டு என எண்ணுவர். புள்ளியே இல்லாத முகங்கள் ஆட்டத்தின் மிகப்பெரிய எண்ணாகின்றன. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை மறு உருட்டலுக்கு உரிமை தருவன என்னும் வழக்கில், 16இல் 6 சேர்க்கைகள் ஆடுபவரின் முறையை நீட்டிக்கின்றன. இப்பொருள் எதுவும் பித்தளைக் கட்டையில் பொறிக்கப்பட்டதன்று. ஆடுவோர் கூடி ஒப்புக்கொண்ட வழக்கு அது.

ஊருக்கு ஊர் வேறுபடும் விதிகளே இதனை உறுதிப்படுத்தும். வெட்டாமல் உள்கட்டத்தில் நுழையலாமா, ஒரே கட்டத்தில் இரு காய்கள் நின்றால் வெட்டுப்படுமா, சுவரில் சாய்ந்து நின்ற கட்டையை எண்ணலாமா என்பன ஆட்டத்துக்கு முன் பேசி முடிக்கப்படுகின்றன; பேசாது விட்டால் ஆட்டத்தின் நடுவே பூசலாகின்றன. தாயத்தில் தனி நடுவர் இல்லை. ஆடுவோரும் அருகிருந்து காண்போருமே அவை.

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் பரமபதத்தின் நிலை வேறு. அதில் கைக்கு வேலை இல்லை. எந்தக் கட்டத்தில் ஏணி, எந்தக் கட்டத்தில் பாம்பு என்பதைப் படம் வரைந்தவர் முன்பே தீர்மானித்துவிட்டார். நற்பண்பு ஏற்றும், தீவினை இறக்கும் என்னும் அறநோக்கு அட்டையில் உறைந்துள்ளது. அங்கும் ஒரு நடுவர் இருக்கிறார். ஆட்டத்துக்கு முன்னரே தீர்ப்பு எழுதிவிட்டு அகன்றுவிட்டார் என்பதே வேறுபாடு.

சங்க இலக்கியமும் இலக்கணமும் இக்களத்தை நன்கறிந்திருந்தன. வல் என்னும் சொல் நாய், பலகை என்பவற்றோடு புணரும் முறையை எழுத்ததிகாரத்தில் தொல்காப்பியர் விதந்து ஓதுகிறார். நாய் என்பது இங்கு ஆடுகாய். புறநானூற்றின் 52ஆம் பாட்டு, முதியோர் காய்களை இட்டு இட்டுக் குழிந்துபோன ஆடுகளத்தைக் காட்டுகிறது. பல தலைமுறைகள் ஒரே இடத்தில் கூடி ஆடிய வழக்கின் தடம் அது. தனி நடுவர் இல்லாத ஆட்டத்தில் முறைகேடு நேர்ந்தால் என்னாகும் என்பதை 43ஆம் பாட்டின் கொளு சொல்கிறது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானோடு வட்டாடிய தாமப்பல் கண்ணனார் காயைக் கையில் மறைத்தார். வெகுண்ட இளவரசன் வட்டினை அவர்மீது எறிந்தான். அவனது பிறப்பையே ஐயுறும் சொல்லைப் புலவர் சொல்ல, அவன் நாணி நின்றான். பிழை தம்மது என்பதைப் புலவரே பாட்டில் ஒப்புகிறார். வழக்கு தீர்ந்தது, ஆயின் நடுவரால் தீரவில்லை. இருவரின் சால்பால் தீர்ந்தது. சால்பு இல்லாதவிடத்து அது தீர்ந்திராது.

போர்ப்பயிற்சியிலிருந்து பாத்திரமேற்பு ஆட்டத்துக்கு

பகடைக்கும் நடுவருக்கும் இடையிலான உறவை வெளிப்படையாக விவாதித்த மரபு ஒன்று ஐரோப்பியப் போர்ப்பயிற்சி ஆட்டங்களில் உண்டு. பிரஷ்யப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்னும் போர் ஆட்டத்தில், இரு தரப்புக் கட்டளைகளையும் நடுவர் பெற்று, பகடையையும் அட்டவணைகளையும் கொண்டு இழப்பைக் கணித்தார். விதிகள் பெருகப் பெருக ஆட்டம் தளர்ந்தது. 1876இல் வெர்டி து வெர்னுவா, பகடையையும் அட்டவணையையும் கைவிட்டுப் பட்டறிவுள்ள நடுவரின் முடிவுக்கே அனைத்தையும் விடலாம் என்றார். கருவி வழித் தீர்ப்பா, மனிதர் வழித் தீர்ப்பா என்னும் வழக்கு அன்று தொடங்கியது, இன்றளவும் முடியவில்லை.

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வழக்கைப் போர்க்களத்திலிருந்து கதைக்களத்துக்குக் கொணர்ந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காது உலகை விவரித்து, ஏனைய மாந்தரின் குரலாகி, செயல்களின் விளைவை அறிவிப்பார். ஆங்கிலத்தில் கேம் மாஸ்டர் எனப்படும் இவரை ‘ஆட்டநடத்துநர்’ எனலாம். ‘நடுவர்’ என்னும் சொல் இவரது தீர்ப்புப் பணியைக் குறிக்கும். கதை சொல்லும் பணியைக் குறிக்காது. கூத்தின் கட்டியங்காரன் அரசனை வினவி, காவலனாகவும் தூதனாகவும் மாறி, கதைக்கும் அவைக்கும் இடையே நிற்பதால் ஆட்டநடத்துநருக்கு நெருங்கியவன். ஆனால் கதையின் முடிவை மாற்றும் உரிமை அவனுக்கு இல்லை. இவ்விரண்டின் கூட்டாகவே புதிய சொல் தேவைப்படுகிறது.

முடிவு உருவாகும் முறையைக் கணக்கால் விளக்கலாம். ஒரு வீரன் மதிலேற முயல்கிறான் எனக் கொள்வோம். இருபது முகப் பகடையை உருட்டி, அவன் திறத்துக்குரிய 3ஐக் கூட்டி, ஆட்டநடத்துநர் குறித்த இலக்கை எட்டினால் ஏறிவிட்டான். இலக்கு 15 எனில் 12 முதல் 20 வரையிலான 9 முகங்கள் வெற்றி தரும். வாய்ப்பு 45 விழுக்காடு. இலக்கு 10 எனில் 14 முகங்கள். வாய்ப்பு 70 விழுக்காடு. மதில் மழையில் நனைந்து வழுக்குகிறதா, காய்ந்து பிடிப்போடு நிற்கிறதா என ஆட்டநடத்துநர் கருதுவதைப் பொறுத்து, பகடை உருளும் முன்னரே 25 விழுக்காடு இடம்பெயர்கிறது. உருட்டவே தேவையில்லை, ஏறிவிட்டான் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. எப்போது உருட்டுவது, எதனை எட்டுவது, எட்டினால் எட்டாவிடில் என்ன நேரும் என்னும் மூன்று முடிவுகளும் மனிதருடையவை. அவற்றுக்கு நடுவே ஒரு நொடி மட்டும் பகடைக்கு உரியது.

பின்வந்த ஆட்டங்கள் இவ்வுரிமையைப் பலவாறு பங்கிட்டன. எரிக் வூஜிக்கின் ‘ஆம்பர்’ (1991) பகடையை முற்றிலும் நீக்கியது. வின்சென்ட் பேக்கரின் ‘அப்போகலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) இரு அறுமுகப் பகடைகளைக் கொண்டது. 36 சேர்க்கைகளில் கூட்டுத்தொகை 10க்குக் குறையாதவை 6, அவை முழுவெற்றி. 7 முதல் 9 வரை 15. அவை விலை கொடுத்துப் பெறும் வெற்றி. 6க்கு மிகாதவை 15. அப்போது கதையைத் திருப்பும் உரிமை ஆட்டநடத்துநருக்கு வருகிறது. வெற்றி, தோல்வி என்னும் இருமைக்கு நடுவே மூன்றாம் நிலையை வைத்ததோடு, நடத்துநர் எப்போது பேசலாம் என்பதையும் விதியே வரையறுத்தது இதன் சிறப்பு.

அவையில் எழுந்த வினா

இந்த ஒப்பீட்டை மனத்தில் கொண்டு பாரதத்தின் சூதாட்ட அவையைக் காணின், அங்கு நேர்ந்த கேட்டின் இயல்பு தெளிவாகும். பொதுவழக்கில் சகுனியின் பகடையே குற்றவாளி. ஆனால் வியாச பாரதத்தின் சபாபருவம் பகடையின் பொய்யை விட அவையின் மௌனத்துக்கே மிகுதியான இடம் தருகிறது.

ஆட்டம் தொடங்கும்போதே விதி பற்றிய ஐயம் எழுகிறது. பணயம் துரியோதனனுடையது, உருட்டுபவன் சகுனி. ஒருவருக்காக மற்றொருவர் ஆடுவது முறையன்று எனத் தருமன் குறிப்பிடுகிறான். அவையில் எவரும் அதற்கு விடை கூறவில்லை, ஆட்டம் தொடர்கிறது. அவைத்தலைவனாகிய திருதராட்டிரனோ, திரௌபதி பணயமானபோது வென்றாயிற்றா என்று ஆவலோடு மீண்டும் மீண்டும் வினவுகிறான். தீர்ப்புக்குரியவன் ஒரு தரப்பின் வெற்றியை விரும்பி அமர்ந்திருக்கிறான்.

இதன்பின் பாஞ்சாலியின் வினா எழுகிறது. தருமன் முதலில் இழந்தது தன்னையா, தன்னையா எனத் தன்னைக் குறித்து அவள் அவையைக் கேட்கும் அவ்வினா, எண்ணைப் பற்றியதன்று. எந்த எண் விழுந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தன்னை இழந்து அடிமையான ஒருவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை உண்டா என்பதே கேள்வி. பகடை ஒருபோதும் விடை தர இயலாத கேள்வி அது. வீடுமன் அறம் நுண்ணிது எனக் கூறி விலகுகிறான். விகர்ணன் மட்டும் எழுந்து காரணங்களை அடுக்கி அவள் வெல்லப்படவில்லை என்கிறான்; கன்னன் அதனை மறுக்கிறான். மூத்தோர் எவரும் தீர்ப்புரைக்கவில்லை.

இறுதியில் தீக்குறிகள் கண்டு அஞ்சிய திருதராட்டிரன் பாஞ்சாலிக்கு வரம் அளிக்கிறான். பாண்டவர் விடுதலை பெறுகின்றனர், இழந்தவை மீள்கின்றன. நோக்குங்கால் அவளது வினா விடையின்றியே நின்றுவிடுகிறது. அவளுக்குக் கிடைத்தது தீர்ப்பு அன்று, வரம். ஆட்டத்தின் எந்த உருட்டல் செல்லும், எது செல்லாது என்பதை எவரும் வரையறுக்காமையால், மறுசூதுக்கு அழைக்க எந்தத் தடையும் எழவில்லை. மீண்டும் அதே சகுனி, அதே பகடை, அதே அவை. பதின்மூன்று ஆண்டு வனவாசமும் அஞ்ஞாதவாசமும், அதன்பின் பதினெட்டு நாட் போரும் அந்த விடையின்மையிலிருந்து கிளைத்தவை எனல் மிகையாகாது.

வரமும் தீர்ப்பும்

வரத்துக்கும் தீர்ப்புக்கும் இடையிலான இவ்வேறுபாடு பாத்திரமேற்பு ஆட்டங்களில் அன்றாடம் எழும் சிக்கலை விளக்க வல்லது. ஆட்டநடத்துநர் பலர் மேசையில் ஒரு தடுப்பை வைத்து அதன் பின்னே பகடை உருட்டுவது வழக்கம். பாத்திரம் இறக்கும் நிலையில், விழுந்த எண்ணை மறைத்து வேறு எண்ணைச் சொல்லி அதனைக் காப்பாற்றுவோர் உண்டு. இரக்கத்தால் நிகழ்வது அது. கதையின் நயம் கருதியும் நிகழ்கிறது. ஆடுபவர் மகிழ்கிறார். ஆனால் அவர் பெற்றது வரம். அடுத்த முறை எதனை நம்பி முடிவெடுப்பது என்பதை அவர் அறியார். அவரது எச்சரிக்கைக்கும் துணிவுக்கும் விளைவோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது.

இதே நடத்துநர், “இவ்விடத்தில் உருட்டல் பொருந்தாது, இக்காரணத்தால் பாத்திரம் காயத்தோடு பிழைக்கிறது, இனி இத்தகைய நிலையில் இதுவே நம் விதி” என வெளிப்படையாக அறிவித்தால் அது தீர்ப்பு. விளைவு ஒன்றே. ஆயினும் முன்னது கொடுப்பவரின் மனநிலையைச் சார்ந்தது, பின்னது அனைவருக்கும் உரிய வழக்காகிறது. முன்னதை மறுக்க இயலாது, பின்னதை மறுத்து வாதிடலாம். ஆட்டநடத்துநரின் அதிகாரம் எத்துணைப் பெரியது என்பதைவிட, அது எத்துணை வெளிப்படையானது என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

தமிழகத்தின் நிருவாக வரலாறு இதற்கு வலுவான சான்று தருகிறது. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளுக்கும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். பின்னர் அங்குள்ள பூசகர் அனைவரும் வாசிப்பர். விரித்த கையில் வாங்குதல் என்னும் விதி, மறைத்து வைத்த ஓலையைக் கைமாற்றுவதற்கு இடமளிக்காதது. தாமப்பல் கண்ணனார் கை கரந்ததும், இங்கு கை விரித்ததும் ஒரே சிக்கலின் இரு முனைகள். தற்செயலுக்கு முன்னே வயது, நிலம், கல்வி, கணக்குக் காட்டியமை முதலிய தகுதிகள். பின்னே பலர் அறிய வாசித்தல். நடுவில் உள்ள குடம் மட்டுமே தற்செயல். பிராமணர் சபையின் எல்லைக்குள் நின்ற முறை இது என்பதை மறத்தல் கூடாது. அவையில் யார் அமரலாம் என்பதைக் குடம் தீர்மானிக்கவில்லை, குடத்துக்கு முன் நின்ற விதியே தீர்மானித்தது. அகநானூற்றின் 77ஆம் பாட்டு குடத்தில் இட்ட ஓலையை உவமையாக எடுத்தாள்வதால் இவ்வழக்கின் பழமையும் பெறப்படும்.

இக்காலத் தேர்தல் சட்டமும் இதே நெறியில் இயங்குகிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, இரு வேட்பாளர் சம வாக்குப் பெற்று ஒரு வாக்குச் சேர்ந்தால் ஒருவர் வெல்லும் நிலையில், தேர்தல் நடத்தும் அலுவலர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார். சீட்டு யார் பெயருக்கு விழுகிறதோ அவர் கூடுதலாக ஒரு வாக்குப் பெற்றவராகக் கருதப்படுவார். சீட்டு தானே வெற்றியை அறிவிப்பதில்லை. சட்டம் அச்சீட்டை ஒரு வாக்காக வாசிக்கிறது. புள்ளியில்லாக் கட்டையைப் பன்னிரண்டாக வாசித்த தாயக்காரரின் செயலும் இதுவே.

சில மறுப்புகள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். பொருள் இழக்கும் சூதையும் பொழுதுபோக்கான பாத்திரமேற்பு ஆட்டத்தையும் ஒப்பிடுவது பொருந்துமா என்பது ஒன்று. பணயத்தின் தன்மை வேறு என்பது உண்மையே. ஆனால் ஒப்பீடு பணயத்தைப் பற்றியதன்று. தற்செயலால் வந்த எண்ணைக் கூடியிருப்போர் எவ்வாறு முடிவாக ஏற்கின்றனர் என்பதைப் பற்றியது. அந்த ஏற்பு இரண்டிலும் ஒருதன்மையது.

கதை சொல்பவருக்குக் கதையை வளைக்கும் உரிமை இல்லையா என்பது மற்றொன்று. உண்டு. கூத்தாசிரியரும் சொற்பொழிவாளரும் அவ்வுரிமையைத் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். ஆயின் கேட்போர் அங்கு ஆடுவோர் அல்லர். தம் தேர்வுகளின் விளைவை எதிர்நோக்கி அமர்ந்தவரும் அல்லர். ஒருவர் தேர்வு செய்ய, மற்றொருவர் விளைவு சொல்லும் இடத்தில், விளைவு சொல்பவருக்குக் காரணம் சொல்லும் கடமையும் வந்து சேர்கிறது.

மூன்றாவது, திருவுளச்சீட்டு, பூக்கேட்டல் போன்ற வழக்குகளில் முடிவைத் தெய்வமே தருகிறது எனக் கொள்ளும்போது நடுவருக்கு இடமேது என்பது. அங்கும் எதனைக் கேட்பது, எந்தப் பூ எதனைக் குறிக்கும், எத்தனை முறை கேட்கலாம் என்பனவற்றை மனிதரே வகுக்கின்றனர். நம்பிக்கையை மறுக்காமலே இதனை ஆராயலாம். கேள்வியை அமைத்தவரின் பெயர் மறைந்து, விடை மட்டும் தெய்வத்தின் பெயரால் நிலைபெறும் இடங்களையே ஆய்வாளர் கூர்ந்து நோக்க வேண்டும்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிக் களம்

இவ்வாய்வுக்குத் திருவள்ளூர் மாவட்டம் தக்க களமாகும். ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டிப் பகுதியில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. தமிழர் தாயக்கட்டையில் வெறுமை பன்னிரண்டாவது போன்றே, தெலுங்கர் ஆடும் அஷ்டா சம்மாவில் நான்கு சோழிகளும் கவிழ்ந்து விழுந்தால் எட்டு எனக் கொள்வர். இரு மொழியினரும் சேர்ந்து ஆடும் திண்ணையில் எந்த வழக்கு மேலோங்குகிறது, ஐயம் எழுந்தால் எம்மொழியில் தீர்க்கப்படுகிறது என்பன மொழித்தொடர்பு ஆய்வுக்கும் உரிய வினாக்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரிய ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் தத்தம் ஆட்டங்களைக் கொணர்கின்றனர். கைப்பேசி லூடோவும் உடன் வருகிறது. பொதுமொழி அமையாதவிடத்து ஆட்டவிதி எவ்வாறு பேசி முடிக்கப்படுகிறது என்பதை அறிய இதனினும் பொருத்தமான இடம் அரிது.

மாறுமுறைப் பணியில் உழைப்போர் நிறைந்த இவ்வூர்களில் இரவு முழுதும் நிகழும் கூத்துக்கு அமர்வோர் யார், பகடைக்காட்சிக்குப் பின் எழுந்து செல்வோர் யார், பாஞ்சாலியின் வினாவரை இருப்போர் யார் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். ஆட்டங்களைத் தொகுப்போர் கட்டத்தை வரைந்து, பெயரைக் குறித்து நிறுத்தாமல், ஆட்டத்தின்போது எழுந்த பூசல்களையும் அவற்றைத் தீர்த்த சொற்களையும் ஒலிப்பதிவு செய்தல் நலம். ‘செல்லாது’, ‘மறுபடி போடு’, ‘முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்’ என்னும் தொடர்களில் ஒரு சமூகத்தின் நீதி பற்றிய எண்ணம் ஒளிந்துள்ளது. தமிழ்த்துறைகளின் முனைவர் பட்டக் களப்பணிகள் இவ்வகையில் ஒரு பகுதியேனும் திரும்புமாயின், வாய்மொழி வழக்காறுகளின் தொகுப்பில் இதுவரை இல்லாத ஒரு பிரிவு உருவாகும்.

முடிவுரை

கவறு, கை, கழகம் என்னும் மூன்றில் முதலிரண்டை ஆராய்வதற்குக் கணிதமும் சட்டமும் உள்ளன. மூன்றாவதாகிய கழகத்தை ஆராய்வதற்கு இலக்கியமும் கல்வெட்டும் வழக்காறும் அறிந்தவரே தேவை. தாயத்தின் திண்ணை, உத்திரமேரூரின் குடம், பாத்திரமேற்பு ஆட்டத்தின் மேசை ஆகிய அனைத்தும், எண் விழுந்த பின்னர் மனிதர் பேச வேண்டியிருக்கிறது என்பதையே காட்டுகின்றன. விரித்த உள்ளங்கையில் வாங்கிப் பலர் கேட்க வாசிக்கும் மத்தியஸ்தன் ஒருபுறம். வினாவுக்கு விடை கூறாமல் வரம் அளித்து எழுந்துவிடும் அரசன் மறுபுறம். விளைவைப் பகடையின்மேல் ஏற்றிவிட்டுப் பொறுப்பிலிருந்து விலகும் நடுவர், அவர் கூத்துக்களரியில் இருப்பினும் கணினி நிரலுக்குள் இருப்பினும், இரண்டாம் வகையைச் சேர்ந்தவரே. அவரை அடையாளம் காட்டும் சொற்களும் கருத்துகளும் தமிழில் உள்ளன. அவற்றைத் திரட்டி ஆய்வுக்குரிய கருவிகளாக்குவது இனி நிகழவேண்டிய பணி.